ஒரு துண்டு கிடைக்கவில்லை

அந்தத் தையல் ஆலையில் அவளைக் காஜாக்கா என்றால்தான் தெரியும். சட்டைகளுக்குப் பித்தான் துளை போடும் காஜா மெஷினில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். கண்ணோ அதைவிடக் கூர்மை, ஒரு இழை பிசகினாலும் இரண்டு வரிசை தள்ளி இருந்தே சொல்லிவிடுவாள்.

அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஊசி உடைந்தால் மெஷின் நிற்க வேண்டும். உடைந்த துண்டு அத்தனையையும் பொறுக்கி, அதற்கென்று அச்சடித்த தாளில் ஊசியின் வடிவத்துக்கு அடுக்கி, டேப் போட்டு ஒட்ட வேண்டும். தேதி, நேரம், கையெழுத்து. 'புது ஊசி கொடுக்கப்பட்டது' என்று அச்சடித்த கடைசிக் கட்டத்தில் ஸ்டோர்காரர் எழுதினால்தான் வேலை மறுபடி ஓடும். நுனி கிடைக்கவில்லையா, போச்சு! மேனேஜர் முதற்கொண்டு மண்டி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள். யாரோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் அது போய்விடக்கூடாதே.

"எம் புருஷன் என்னை ஒருநாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பாரா?" என்பாள் காஜாக்கா, தரையைத் தடவிக்கொண்டே. அந்தக் கலவரத்திலும் நாலு பேர் சிரிப்பார்கள்.

கல்யாணமான புதிதில் அவர்களுக்கு வாய்த்தது ஒரே அறை. நடுவில் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் மாமியாரும் கொழுந்தனும். இருமினால்கூட நான்கு காதுக்குக் கேட்கும். தனி வீடு பார்த்த பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுப்பாகப் பேசி முடிவெடுத்தார்கள். அவள் போய்க் கருத்தடைக்குக் காப்பர்-டி வைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து, வீடு பார்த்துப் பால்கனிக் கதவுக்குப் பூட்டும் வாங்கியாயிற்று. சந்தோஷமாகக் காப்பர்-டியை எடுக்கப் போனாள். நர்ஸ் வெளியே இழுத்துத் தட்டில் போட்டதும், படுத்தவாக்கிலேயே தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஆங்கில டி எழுத்துபோல அதற்கு இரண்டு பக்கமும் கை இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

"சிஸ்டர், ஒரு துண்டு குறையுது."

"அதெல்லாம் தானா வந்துடும்மா. எந்திரி, வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."

"அப்ப அதையாவது எங்கிட்ட குடுங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, ஆலைத் தாள் ஒன்றில் ஒட்டினாள். பழக்கதோஷம், வேறென்ன! இல்லாத கைக்கு இடம் விட்டு, தேதி போட்டு, கீழே எழுதினாள்: 'ஒரு துண்டு கிடைக்கவில்லை.'

அடுத்த மாதமே வலி வந்தது. இரண்டு தடவை அதே நர்ஸிடம் போய் நின்றாள். மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இரண்டு வருஷம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே காஜா போட்டாள். கடைசியில் உள்ளே சீழ் கட்டி, உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலையில் கர்ப்பப்பையையே எடுத்தார்கள். வெட்டிய நகத்தைவிடச் சின்னதாக அந்தத் துண்டு சதைக்குள் புதைந்து கிடந்தது. அதை ஒரு குப்பியில் போட்டு அவளிடம் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

"பிள்ளை வேண்டாம்னு தானே போய் வச்சுக்கிட்டா. இப்ப அழுது என்ன புண்ணியம்?" என்றாள் மாமியார், வந்தவர் போனவரிடமெல்லாம்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போன பிறகுதான், அந்தக் காப்பர்-டியைச் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட வக்கீலம்மாவைப் பார்த்தாள்.

"எவ்வளவு நஷ்டஈடு கேக்கலாம்னு இருக்கீங்க?"

"அதை நீங்களே போட்டுக்கங்கம்மா. எனக்கு ஒரு தாள் வேணும். உடைஞ்சது அவங்க சாமான், இவமேல தப்பில்லன்னு எழுதின தாள். எங்க அத்தைகிட்ட காட்டணும்."

கூடவே, தான் ஒட்டி வைத்த தாளையும் நீட்டினாள். வக்கீலம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இந்த மாதிரி ஒரு சாட்சி எனக்குக் கிடைச்சதே இல்ல!" என்று அன்றைக்கே வழக்கோடு சேர்த்துவிட்டார். அதில் இருந்த தேதியை யார் யோசித்தார்கள்? எதிர்த்தரப்பு யோசித்தது. பாதிப்பு தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணினால் தாராளமாக நேரம் இருக்கிறது. அந்தத் தாளின் தேதியிலிருந்து எண்ணினால் ஏழு மாதம் தாண்டிவிட்டது.

"தானா வந்துடும்னு நர்ஸ் சொன்னதை நம்பினேன்னு சொல்லுங்க. அது போதும்" என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமாங்க. நர்ஸ் தானா வந்துடும்னு சொன்னாங்க."

"நீங்க நம்புனீங்களா?"

ஒரே ஒரு வார்த்தை. நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷம் மண்டி போட்டுத் தேடிய உடம்பு அது.

"இல்லீங்க," என்றாள். "காணாமப் போன துண்டு தானா வராதுங்க. தேடினாத்தான் வரும்."

வழக்கு தள்ளுபடி ஆனது. அவள் கேட்டதுபோல ஒரு தாள் கிடைத்தது. துண்டு குறைந்தது மனுதாரருக்கு அன்றே தெரியும் என்று அதில் எழுதியிருந்தது. மாமியார் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்பவே தெரியுமாம்ல? தெரிஞ்சுமா சும்மா இருந்தா?"

சும்மா இருக்கவில்லையே, ஐயோ! இரண்டு தடவை போய் நின்றாளே. அதற்குத்தான் தாள் இல்லை.

நீதிமன்றத்தில் கொடுத்த பொருள்கள் திரும்பி வந்தன. அவள் ஒட்டிய தாளும், அந்தத் துண்டு கிடந்த குப்பியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து குப்பியைத் திறந்தாள். துண்டைத் துடைத்து, விட்டிருந்த இடத்தில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. டேப் ஒட்டினாள். 'கிடைக்கவில்லை' என்பதை அடித்துவிட்டு 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தாளின் அடியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நின்ற புருஷன் குனிந்து படித்தான். புது ஊசி கொடுக்கப்பட்டது.

"இதுல எதுவும் எழுதலையா?"

"அது நான் எழுதுற கட்டம் இல்லீங்க. புதுசு குடுக்கிறவங்க எழுதணும்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான். அவள் பேனாவை மூடி வைத்தாள்.