நெற்றியின் மேல் அழித்த கோடு

துறைமுகத்துக்குக் கிரேன்கள் செய்துகொடுத்த கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுவது என் வேலை. அளவுகோல் இல்லாமல் வெறும் கையால் வரைவதை ஓய்வுபெற்ற பிறகுதான் புத்தகங்களைப் பார்த்துப் பழகினேன். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழவேண்டும், அப்போதுதான் முகத்தின் மேடு பள்ளம் தெரியும் என்று படித்திருந்தேன்.

எங்கள் திருவொற்றியூர் வீட்டில் அப்படிப்பட்ட வெளிச்சம் காலையில், கடல் பக்கத்துச் சன்னலில் மட்டும் வரும். கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்குப் பயந்து மற்ற நேரமெல்லாம் அதைச் சாத்தியே வைத்திருப்போம்.

மனைவி படுத்த படுக்கையானதும் அவளை வரைய ஆரம்பித்தேன். வேறு யாரும் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். தலையணைகளை அடுக்கிச் சாய்த்துவைப்பேன். சன்னலைத் திறந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பச் சொல்வேன். கண் கூசுகிறது, சாத்திவிடுங்கள் என்பாள். மூக்கை மட்டும் முடித்துவிடுகிறேன் என்பேன். பிறகு அவள் கேட்கமாட்டாள். கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கங்களை நோயின் சுருக்கங்கள் என்று எண்ணி ஒவ்வொன்றாக வரைந்தேன். நன்றாகவே வந்தன.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு ஒரு படத்தைச் சட்டம் போட்டு வைக்கலாம் என்று எண்ணூரிலிருந்து மகள் வந்தாள். எல்லாவற்றையும் நின்றபடியே புரட்டினாள்.

"இன்னா நைனா, ஒண்ணுல கூட அம்மா கண்ணத் தொறக்கல? மூஞ்சில வெயில் அடிக்கிற மாரி ஒக்கார வெச்சியா?"

படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்றேன். அவள் ஒரு தாளை டியூப்லைட் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"நெத்திகிட்ட இன்னாவோ அழிச்ச மாரி கீது?"

அது கை. ஒருநாள் வெயிலைத் தடுக்க மனைவி கையைத் தூக்கினாள். முதலில் அதையும் வரைந்தேன். கையின் நிழல் முகத்தைக் கெடுத்தது. இறக்கச் சொல்லிவிட்டு, வரைந்ததை ரப்பரால் அழித்தேன். பென்சில் அழுத்திய தடம் மட்டும் தாளில் நின்றுவிட்டது. சன்னலைச் சாத்தச் சொல்லி அவள் கேட்டதையும் சேர்த்து, மகளிடம் இதை அப்படியே சொன்னேன்.

"அம்மா கேட்டப்பவே சாத்தியிருக்கலாம் நைனா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பீரோவிலிருந்த எங்கள் பழைய கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை சன்னலைத் திறந்து, மனைவியின் கட்டிலில் நானே சாய்ந்து, முகத்தை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒரு மூக்கு வரையும் நேரம்கூட என்னால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

அழித்த கையைத் திரும்ப வரைய உட்கார்ந்தேன். அவள் விரல்கள் எப்படி இருந்தன என்று நினைவில்லை. தாடையிலிருந்து மயிர் தொடங்கும் இடம்வரை எவ்வளவோ, கையும் அவ்வளவு நீளம் என்ற பாட அளவு மட்டும் தெரிந்தது. அதை வைத்து வரைந்து, நிழலும் போட்டேன். நான் பாடுபட்டுக் கொண்டுவந்த சுருக்கங்களும் மூக்கும் நிழலுக்குள் போய்விட்டன. வெளிச்சத்தில் மிஞ்சியது இறுக மூடிய வாய் மட்டும்.

இதைப் பார்க்க மகளை இன்னும் கூப்பிடவில்லை.