மட்டையைப் போடுலே

ஏரல் ஆற்றங்கரைத் திடலில் பேஸ்பால் ஆட்டம். பேருந்துக்கு நேரமிருப்பதால் நின்று பார்க்கிறேன். உள்ளூர் அணி இந்தப் பருவத்தில் ஆடிய மூன்றிலும் தோற்றிருக்கிறது.

"எல்லாம் கிரிக்கெட் ஆடுன பயலுவ வே. ஓடுத வழியில கெடக்குற பேஸைக் காலால தொடாம மட்டைய நீட்டித் தொடுதானுவ. அவுட்டு!" என்கிறார் பக்கத்தில் நிற்கும் வாழை வியாபாரி.

கடைசிச் சுற்று. இரு அணிகளும் சமம்; உள்ளூர் அணிக்கு இன்னும் ஒரு ரன் போதும். அவர் மகன் அடித்த பந்து வாழைத்தோப்பு ஓரம்வரை உருள்கிறது. அவன் மட்டையோடு ஓடுகிறான்.

"ஏலே, மட்டையைப் போடுலே!"

போட்டுவிட்டு மூன்று பேஸ்களையும் சுற்றி வருகிறான். பந்தும் திரும்பி வருகிறது. பழக்கம் விடவில்லை, வெறுங்கையை முன்னால் நீட்டிப் பாய்கிறான். விரல்கள் கடைசி பேஸில் படுகின்றன.

"கை பட்டாச் செல்லுமா அண்ணாச்சி?"

"செல்லும் வே, செல்லும்!" என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்.

நடுவர் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, "சேஃப்!" என்கிறார். முதல் வெற்றி.