கிரெட்ஸ்மனின் கையெழுத்து

ஆர்வில் ஸ்டென்சல் அயோவாவில் சோளக் கிடங்கு ஒன்றில் எடை போட்டு ஓய்வுபெற்றவர். அவருக்கு இருந்தது ஒரே பித்து: தன் ஊரின் பெயர் அச்சிட்ட பழைய டாலர் நோட்டுகள். ஒரு காலத்தில் சின்ன ஊர் வங்கிகளும் தங்கள் பெயரில் நோட்டு விட்டன. வங்கியின் காசாளர் அவற்றில் பேனாவால் கையெழுத்திடுவார். மை மங்கிப்போன நோட்டுகளில், விற்பவர்கள் சிலர் மேலே புதிதாக எழுதிவிடுவதுண்டு.

அசலைக் கண்டுபிடிக்க ஆர்விலுக்கு ஒரு வழி இருந்தது. நோட்டின் மேல் கண்ணாடித் தாளை விரித்து, மையில்லாத பேனாவால் அந்தக் கோடுகளின் மேலேயே போவார். எழுதியவன் எங்கே தயங்கினான், எங்கே வேகம் பிடித்தான் என்று விரல் சொல்லிவிடும். போலி என்றால் கை இடறும். ஒருவனை அறிவதென்றால் அவன் தயக்கத்தை அறிவதுதான் என்பார்.

அந்த நோட்டுகளில் கையெழுத்திட்ட ஊர் வங்கிக் காசாளர் ஹெர்மன் கிரெட்ஸ்மன், உறைந்த ஆற்றின் பனிப்பாளம் உடைந்து மூழ்கிப்போனவர். அவர் கையெழுத்தில் ஆர்விலின் கை இடறியதே இல்லை.

"செத்தவன் கையைப் பிடிச்சுக்கிட்டு எந்நேரமும் என்னதான் பண்றே?" என்பாள் மனைவி ஆர்லீன்.

ஒருநாள் மளிகைக்கடைக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. ஆர்லீன் அதில் ஆர்வில் போட்டிருந்த கையெழுத்தை உற்றுப் பார்த்தாள். "யாரு இந்த கிரெட்ஸ்மன்? நம்ம கணக்குல அவருக்கென்ன வேலை?"

அன்றே நோட்டுகளைப் பூட்டி வைத்தார். ஆனாலும் செய்தித்தாளின் ஓரத்தில் தன் பெயரை எழுதப் போனால், வந்ததெல்லாம் கிரெட்ஸ்மன்தான்.

மகள் ஜோலீனுக்குக் கல்யாணம் வந்தது. "சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்பா. வேற யாரும் வேணாம்."

தேவாலயத்தின் பின்னறையில் பத்திரத்தை விரித்தார்கள். ஆர்வில் பேனாவை எடுத்ததும் மணிக்கட்டு சில்லிட்டது, பனிநீரில் வைத்ததுபோல. வேறொருவன் பெயரை எழுத அது நகர்ந்தது. தாளைத் தொடுமுன் நிறுத்தினார்.

"என்னப்பா, பேர் மறந்துபோச்சா?" என்று சிரித்தாள் ஜோலீன்.

பேனாவை இடக்கைக்கு மாற்றினார். குழந்தை எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக, வியர்த்து, தன் பெயரை எழுதி முடித்தார்.

"கோழி கிளறின மாதிரி இருக்கு," என்றாள் மகள். "ஆனா உங்க பேருதான்."

மேசைமேல் கிடந்த வலக்கையின் விரல்கள் பேனா இல்லாமலே குவிந்து, மரத்தில் மெல்ல ஊர்ந்தன. ஆர்லீன் பார்த்துவிட்டாள். தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே அது கடைசி எழுத்துவரை எழுதிவிட்டுத்தான் ஓய்ந்தது.