பீலியடிப் பரங்கி

எனக்கு இலை கிள்ளும் கை. கொழுந்து கிள்ளுவதைச் சொல்லவில்லை. அந்தக் கை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாருக்கும் உண்டு. நான் சொல்வது நோய் கண்ட இலையைக் கிள்ளும் கை. இன்றைக்கும் யார் வீட்டு வாசலிலாவது புள்ளி விழுந்த ஓர் இலையைப் பார்த்தால், பேச்சை நிறுத்தாமலே அதைக் கிள்ளிவிடுவேன். ஒருமுறை சம்பந்தி வீட்டில் அப்படிக் கிள்ளியபோது, அந்தச் செடிக்கு இலையே புள்ளியாகத்தான் வரும் என்று சம்பந்தியம்மா சொன்னார். முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

இந்தக் கை வந்த கதை இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொடங்குகிறது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததை ஒட்டிய வருஷங்களில் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. நான் அப்போதுதான் பேர் பதிந்து மலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். இளம் இலையில் முதலில் எண்ணெய் தெறித்தது போல ஒரு புள்ளி தெரியும். பிறகு அடிப்புறம் கொப்புளித்து வெள்ளையாகப் பூக்கும். அப்படியே விட்டால் அந்த இடம் பழுப்பாகும், கருகும், கொழுந்தே செத்துப்போகும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வரிசையாக நிற்கும்போது, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா ஓர் இலையைத் தூக்கிக் காட்டுவார். வெள்ளையைக் கண்டால் கிள்ள வேண்டும். பழுப்பைக் கண்டால் தரையில்கூடப் போடக்கூடாது, சாக்கில் போட்டுக் கொண்டுவந்து எரிக்க வேண்டும். கண்டாக்கையா சொன்னதில் பாதியை நாங்கள் காதில் வாங்கியதே இல்லை. இதை மட்டும் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பிற்பாடு மருந்தடிக்கிற ஆளையே கட்டிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா எனக்கு நேர் எதிர். எனக்கு மூன்று வயது மூத்தவள், அதே லயத்தில் நாலு அறை, எங்கள் பேச்சில் நாலு காம்பரா, தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்க மாட்டாள், சீலையைக் காயப்போட்டால் எடுக்க மாட்டாள். நான் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுத் தன் போக்கில் போவாள். அது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்க்காமல் எனக்கு ஒரு நாள் விடிந்ததில்லை.

லயத்துக்குப் பின்னால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. அதில் வருஷா வருஷம் அம்மாவின் பரங்கியைப் போடுவோம். அம்மா கலியாணமாகி இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தபோது, மண்டபம் முகாமில் எல்லாவற்றையும் சோதித்த கண்களுக்குத் தப்பி முந்தானை முடிச்சில் வந்த விதை அது. காய் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். வேகும்போது லயம் முழுக்க வாசனை தெரியும். அம்மா போன பிறகு எங்களிடம் அவள் கைபட்டது என்று மிஞ்சியது ஓர் அம்மிக்குழவியும் இந்த விதையும்தான்.

நான் இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்த வருஷம், அத்தானுக்குக் குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடுவதற்கான தாள்கள் வந்துவிட்டன. பங்குனியில் புறப்பட வேண்டும். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவின் பரங்கி விதை. அடுப்புக்கு மேலே தொங்கிய குடுக்கையை இறக்கிப் பார்த்தால், எலி ஓட்டை போட்டிருந்தது. ஒன்பது விதை மிஞ்சியிருந்தது. அதில் எது முளைக்கும், எது முளைக்காது என்று யாருக்குத் தெரியும்? கார்த்திகையில் போட்டால் பங்குனிக்குள் ஒரு காயாவது முற்றவேண்டும். முற்றினால் விதை உண்டு. முற்றாவிட்டால் அக்கா வெறுங்கையோடு போவாள், எனக்கும் ஒன்றும் மிஞ்சாது.

ஆறு விதையை நான் தோட்டத்தில் குழியெடுத்து, எரு போட்டு ஊன்றினேன். மீதி மூன்றை அக்கா, பீலிக்குக் கை கழுவப் போனவள், அங்கேயே சேற்றில் விரலால் குத்தி வைத்துவிட்டு வந்தாள். பீலி என்பது மலையிலிருந்து தண்ணீர் விழும் குழாய். குளிப்பது, துவைப்பது எல்லாம் அங்கேதான். சோப்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் பரங்கி வைத்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

தையில் பனி இறங்கியது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர். ஒரு காலையில் என் பரங்கி இலைகளில் யாரோ மாவைத் தூவியது போல வெள்ளை படிந்திருந்தது. எனக்குக் கை பரபரத்தது. கண்ட இலையையெல்லாம் கிள்ளினேன். துரை பங்களா ரோசாச் செடிக்குப் போடும் கந்தகத் தூளில் ஒரு பொட்டலம் என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார், அதையும் தூவினேன். வெள்ளை கொஞ்சம் ஒதுங்கியது, புது இலையில் திரும்ப வந்தது. திரும்பக் கிள்ளினேன். சில இலைகளில் வெள்ளை தன் பளிச்சென்ற நிறம் போய், அழுக்குப் பிடித்தாற்போல் பழுப்பாக மாறியது. பழுப்பு என்றால் சாவு என்றுதானே மலையில் படித்திருந்தேன். மற்றதை விட்டுவிட்டு அந்த இலைகளைத்தான் முதலில் கிள்ளினேன். ஒன்றையும் தரையில் போடவில்லை. சாக்கில் சேர்த்து எரித்தேன்.

மாசிக் கடைசியில் என் கொடிகள் வெறும் கயிறாகக் கிடந்தன. நிழலில்லாத பிஞ்சுகள் வெயிலில் வெந்து உதிர்ந்தன. தப்பிய ஒரே காயை அறுத்தபோது உள்ளே விதையெல்லாம் சப்பை. நகத்தால் அழுத்தினால் மடங்கியது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளைத்தாச்சி அழக்கூடாது என்று பக்கத்து வீட்டம்மா வந்து காயைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் பீலியடிக் கொடி ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் அது கல்லெல்லாம் ஏறிப் படர்ந்திருந்தது. பெரிய இலைகளுக்கடியில் தலையளவுக் காய் ஒன்று கிடந்தது. ஆனால் அங்கேயும் வெள்ளை வந்திருந்தது. வெள்ளையில் பாதிக்கு மேல் பழுப்பாகியிருந்தது. ஓடிப்போய்ச் சாக்கை எடுத்துவந்தேன். அக்கா அங்கே துவைத்துக்கொண்டிருந்தாள். நான் முதல் இலையில் கை வைத்ததும் ஈரச் சீலையோடு எழுந்து வந்து கொடிக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"உன் பக்கத்துல கிள்ளிக் கிள்ளி என்னத்தடி கண்ட? இதையாச்சும் அது பாட்டுக்கு விடு."

"பழுப்பு விழுந்திருச்சுக்கா. விட்டா கொடியே போயிரும். அம்மா வெதை அழிஞ்சு போயிரும்."

"அழிஞ்சா என்னால அழிஞ்சதா இருக்கட்டும். நீ கை வைக்காத."

அக்கா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வீம்பில் சாக்கை அங்கேயே எறிந்துவிட்டு வந்தேன். எட்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளோடு இருக்கக் கிடைத்த கடைசி மாதத்தில் எட்டு நாளை அப்படித் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த எட்டு நாள்தான் எனக்கு வலிக்கிறது.

பீலியடிக் கொடி சாகவில்லை. இலைகள் அழுக்காக இருந்தனவே தவிர, உதிராமல் நின்றன. புறப்பட மூன்று நாள் இருக்கும்போது அக்கா காயைத் தூக்கிக்கொண்டு என் காம்பராவுக்கு வந்தாள். அறுத்தால், உள்ளே அம்மாவின் அதே சிவப்பு. கொழுத்த விதைகள். சாம்பலில் புரட்டிக் காயவைத்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். அவள் ஜெயித்த பார்வை பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பீலியடி மண் நல்ல மண் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அட்டன் ஸ்டேஷனில் ரயில் வரும்வரை எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். தகரப்பெட்டி, பிள்ளைகள், மூட்டை, மூட்டைக்குள் விதை. ரயில் வந்து நின்றதும்தான் எனக்கு வாய் திறந்தது. அழுகையை மறைக்கத் தெரிந்த ஒரே வழி எனக்கு அதிகாரம் பண்ணுவதுதான்.

"அங்க போட்டா, வெள்ளை கண்டதும் கிள்ளிரு. பழுப்பாச்சுன்னா எரிச்சிரு. இங்க மாதிரி வெளாட்டா இருந்திராத."

"சரிடி," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவள் கடிதம் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தது. திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் "சிலோன்காரங்க" என்று எழுதியிருந்தாள். கடைசி வரிகள் எனக்கு மனப்பாடம். "நீ ஸ்டேஷன்ல சொன்னதையே நெனச்சிக்கிட்டு ஒரு எல விடாமக் கிள்ளி எரிச்சேன். ஒரு காயும் நிக்கல. எல்லா வெதையவும் போட்டுட்டேன், ஒண்ணும் மிச்சமில்ல. மன்னிச்சுக்க."

பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு சொல்லையும் கேட்காதவள், கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அதற்குள் எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. என் பங்கு விதையைத் தோட்டத்திலும் பீலியடியிலும் போட்டுப் பார்த்ததில், மறுபடியும் கிள்ளிய இடம் காய்ந்தது, விட்ட இடம் நின்றது. அந்தச் சமயத்தில் காய்கறிக்கு வந்த பூச்சியைப் பார்க்க ஒரு விவசாய உத்தியோகத்தர் வந்தார். என்னைவிடச் சின்ன வயது, சிங்களவர், தட்டித்தடுமாறித் தமிழ் பேசுவார். அவரைப் பீலியடிக்கு இழுத்துக்கொண்டு போய், பழுப்பு விழுந்த இலையை நீட்டி, இது என்ன நோய் என்று கேட்டேன். அவர் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

பழுப்பு நோயில்லை என்றார். வெள்ளை ஒரு பூஞ்சணம். அதன் நூலுக்குள்ளேயே புகுந்து அதைத் தின்று வாழும் இன்னொரு பூஞ்சணம் இருக்கிறது. அது தின்று முடித்துத் தன் விதைப்பையை வைக்கிற இடம்தான் பழுப்பாகத் தெரிகிறது. ஈரம் இருந்தால் அது நன்றாகப் பரவும், அதனால்தான் தண்ணீர் தெறிக்கும் பீலியடியில் பிழைத்தது. எப்போதும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது, சில சமயம் பிந்தித்தான் வரும். கந்தகம் போட்டால் இந்த நல்ல பூஞ்சணத்துக்கும் ஆகாது. பழுப்பு இலையைப் பிடுங்கி எரித்தால், காவலுக்கு நின்ற ஆளை எரித்தது மாதிரி. அதற்கு ஓர் இங்கிலீஷ் பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. தேயிலையில் பழுப்பு என்றால் சாவாச்சே என்றேன். அது தேயிலை, இது பரங்கி என்றார்.

அவ்வளவு சின்ன விஷயம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தோட்டமும் அக்காவின் தோட்டமும் போயிருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பழுப்பைத் தொடாதே என்று மூன்று இடத்தில் எழுதினேன். நீ அன்றைக்குப் பீலியடியில் நின்றது சரி, நான் சொன்னதுதான் தப்பு என்றும் எழுதினேன். அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. பன்னிரண்டு விதையைத் துணியில் தைத்துக் கடிதத்தோடு வைத்தேன்.

பதில் வரும் என்று நான் எதிர்பார்த்த மாதமெல்லாம் கடந்துபோனது. வந்தபோது உறை தடித்திருந்தது. உள்ளே ஒரு பரங்கி இலை, மடித்துக் காய்ந்து, ஓரம் நொறுங்கி இருந்தது. வெள்ளை படிந்த இலை. நடுவில் அந்த அழுக்குப் பழுப்பு, தாளிலும் லேசாக ஒட்டியிருந்தது. கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது.

"காய் முத்திக்கிட்டு இருக்கு. நீ பாக்கணும்னுதான் இந்த ஒரு எலைய மட்டும் கிள்ளினேன்."