வியாழக்கிழமை என் முறை

எங்கள் கம்பெனிப் பேருந்தில் ஸ்பீக்கர் மாட்டியபோதே ஒரு விதியும் போட்டார்கள். காலை வண்டியில் ஒரு நாளைக்கு ஒருவர், தன் போனிலிருந்து பாட்டுப் போடலாம். நாற்பது பேருக்கு மேல் வருகிற வண்டியில் அதற்கு ஆசைப்பட்டவர்கள் ஆறு பேர்தான். மற்றவர்கள் திருவள்ளூரில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் எனக்கு வியாழக்கிழமை விழுந்தது.

வெள்ளிக்கிழமை, எங்கள் பிரிவில் மூத்தவரான ஓர் அக்காவுக்கு. திருப்பாச்சூர்க்காரர். அன்றைக்கு முழுக்க அம்மன் பாட்டு. மற்ற நாட்களில் சினிமாப் பாட்டு. நானும் முதல் சில வாரங்கள் சினிமாப் பாட்டுதான் போட்டேன். என்மேல் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்து, தானாகவே வேறொன்று தொடங்கியது. கை நிறைய சோப்பு நுரை. மாற்ற முடியவில்லை. ஒரு வீணை, நான்கே ஸ்வரங்கள். அதையே திரும்பத் திரும்ப வாசித்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆர்கன் சேர்ந்துகொண்டது, எங்கள் சர்ச்சில் கேட்கிற அதே மாதிரி. ஆனால் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி நின்றது. அதற்கப்புறம் ஒரு தோல் வாத்தியம். கஞ்சிராவா வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. வீணை நான்கு நான்காகப் போக, அது ஐந்து ஐந்தாகத் தட்டியது. இரண்டும் விலகி விலகிப் போய் இருபதாவது தட்டில் ஒன்றாக வந்து விழுந்தன. மறுபடி விலகின. இருபத்தாறு நிமிடம். நான் ஒரே சட்டையை அலசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். இன்ஜினில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையங்களை எங்கள் கம்பெனி செய்கிறது. நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வளையமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அளவு. பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஆயிரமும் ஒன்றுதான். எங்களுக்கு அப்படி இல்லை. ஒன்றில் மயிரளவு கோடு இருக்கும், ஒன்றில் ஊசி முனை அளவுக்குப் பிசிறு. பத்து வருடமாக இந்தக் கண்ணோடு இருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு காதும் இருக்கிறது என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. எட்டாவது நிமிடத்தில் வீணை ஒரு ஸ்வரத்தை விட்டுவிடும். யாரும் சொல்லாமல் அதைப் பிடித்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அதையே வண்டியில் போட்டேன்.

தாமரைப்பாக்கம் தாண்டுவதற்குள் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். அவர் எளாவூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னாம்மா, செட்டு மாட்டிக்கிச்சா? அதே எடத்துல சுத்திக்கினு கீது?"

"இல்லண்ணா, பாட்டே அப்டித்தான்."

"அப்ப எப்பத்தான் பாட ஆரம்பிப்பாங்க?"

"பாட மாட்டாங்கண்ணா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், உடம்பு சரியில்லையா என்ற கேள்வி இருந்தது. பின்னாலிருந்து குரல்கள் எழும்பின. சாவு வீட்டில் மணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றது ஒன்று. தலை வலிக்கிறது, மாற்று என்றது இன்னொன்று. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் அந்த வண்டி முழுக்க விழித்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா தன் இடத்திலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார்.

"ஏன்டீ, நான் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி வச்சுட்டு வர்றேன். உள்ள போனா எட்டு மணி நேரம் ஒரே ரிங்க பாத்துக்கினு கெடக்கணும். இந்த ஒன்றர மணி நேரந்தான் எனக்குன்னு கீது. இதுலயும் ஒரே சத்தத்த திருப்பித் திருப்பிப் போட்டா, நான் மனுசியா மிசினாடீ?"

அன்றைக்கு வந்த பேச்சுகளிலேயே இது ஒன்றுதான் நியாயமானது. ஒரே ரிங் இல்லையே அக்கா, ஒவ்வொன்றும் வேறுதானே, அதைத்தானே நாம் பார்க்கிறோம் என்று சொல்லத் தோன்றியது. நாலு மணிக்கு எழுந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? பாட்டை மட்டும் நான் நிறுத்தவில்லை.

எங்கள் லைன் லீடர் சொன்னதற்கு மட்டும் எனக்குக் காது சூடேறியது. "இதெல்லாம் சபாவுல ஏசியில குந்திக் கேக்கறவங்களுக்கும்மா. உனக்கு இன்னா புரியுதுன்னு போட்டுக்கினு கீற? சீன் போடாத." அவர் வீட்டு வயலில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதைச் சாப்பிட வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள், எதைக் கேட்க வேண்டும் என்றும் சொல்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை எனக்கு அது பிடித்த இசை மட்டும்தான். அவர் பேசி முடித்ததும், விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றாகிவிட்டது.

அடுத்த வியாழனும் போட்டேன். அதற்கடுத்த வியாழனும். மூன்றாவது வாரம் சனிக்கிழமை ஆபீசிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். மேசைமேல் என் பாட்டை நிறுத்தச் சொல்லி எழுதிய ஒரு தாள் இருந்தது. முப்பத்தொரு கையெழுத்து. தினமும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து தூங்குகிறவளின் கையெழுத்து நான்காவதாக இருந்தது. அக்காவுடையது முதலாவது.

"உங்களுக்கு இந்த மியூசிக்கை யாரு அறிமுகப்படுத்துனாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். அதுவா வந்துச்சு."

"உங்களுக்கு இது புரியுதா?"

"கேக்கறேன் சார். நல்லா கீது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தாளைக் காட்டி, "இத்தன பேருக்குப் பிடிக்கலயேம்மா. எல்லாருக்கும் பிடிச்ச மாதிரி நார்மலா ஏதாவது போடலாமே" என்றார்.

"பிடிக்கலன்னா திட்டலாம் சார். திட்டிக்கினுதான் வர்றாங்க, நான் ஒண்ணும் சொல்லலயே. எனக்கு வெள்ளிக்கிழம பாட்டு பிடிக்குதான்னு யாரும் கேட்டதில்ல. அது அவங்க நாளு, நான் கேட்டுக்கினு வர்றேன். ஒரு நாளைக்கு ஒருத்தர்னு விதி. இன்னா பாட்டுன்னு விதியில இல்ல."

அவர் தாளை மடித்து வைத்தார். கடைசியில், பிரச்சினை வேண்டாம், இனி யாருக்கும் ஸ்பீக்கர் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு வந்த மூன்று வாரங்களை நான் மறக்க மாட்டேன். வண்டியில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். எல்லாருக்கும் பாட்டுப் போனது என்னால். பக்கத்து சீட்டுக்காரி இடம் மாறிவிட்டாள். எனக்கு இடம் பிடித்து வைக்க யாரும் இல்லாததால், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தேன். பெரியபாளையம் வருவதற்குள் தொடை சுட்டுவிடும். நாஷ்டா நேரத்தில் கேன்டீனில் தட்டோடு நான் போய் உட்கார்ந்தால், எதிரே பேச்சு நின்றுவிடும். இனி அதைப் போட மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அழுதேன். வண்டியில் அழவில்லை.

டிரைவர் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். "இந்தப் பேஜாரு எதுக்கும்மா? இனிமே சினிமாப் பாட்டே போடறேன்னு சார்கிட்ட சொல்லிட்டுப் போயேன்."

"நீ சொல்லுண்ணா, போட்டா அந்த லைன் லீடர் இன்னா நெனப்பாரு?"

அவர் யோசித்துவிட்டு, "ஜெயிச்சுட்டோம்னு நெனப்பான்" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான்காவது வாரத் தொடக்கத்தில் அக்கா என்னிடம் வந்தார். கேன்டீனில், எல்லாரும் பார்க்க, என் எதிரே உட்கார்ந்தார்.

"ஆடி வருது. எனக்கு என் வெள்ளிக்கிழம வேணும். நீ உன் வியாயக்கிழமய உட்டுக்குடுத்துட்டேன்னு சொல்லு, அந்த சார் ஸ்பீக்கர தொறந்து உடுவாரு."

"மாட்டேன்க்கா."

"இன்னா திமிருடீ உனக்கு?"

"உன்ன யாராவது வெள்ளிக்கிழம அம்மன் பாட்டு வாணாம், வேற போடுன்னா, போடுவியா?"

"எவன் சொல்லுவான்? நாக்க அறுத்துடுவேன்."

"அவ்ளோதான்க்கா. எனக்கும் அதான்."

அக்கா என்னை முறைத்தார். சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. அவரும் வயலில் களை எடுத்துவிட்டுத் தொழிற்சாலைக்கு வந்தவர்தான். லைன் லீடர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்த ஆளும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தது, அப்போதுதான் அவருக்கு உறைத்ததோ என்னவோ.

"எழுந்திரு" என்றார். கை கழுவக்கூட விடாமல் என்னை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அதிகாரியின் முன்னால் அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "சார், இவ போடறது பாட்டே இல்ல. கேட்டா வாந்தி வருது. அது வேற. ஆனா அவ நாளு அவளுது. சீட்டு குலுக்கிக் குடுத்தது. நான் போட்ட கையெழுத்த அடிச்சுடுங்க." சொல்லிவிட்டு, அவரே பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார். எச்சில் கைதான், தாளில் சாம்பார் ஒட்டியது. அதிகாரி அந்தத் தாளை நுனி விரலால் நகர்த்தி வைத்தார். மறுநாள் வண்டியில் ஸ்பீக்கர் மறுபடி பாடியது.

என் வியாழக்கிழமை வந்தபோது பாதிப் பேர் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார்கள். மாட்டாதவர்கள் திட்டினார்கள். பக்கத்து சீட்டுக்காரி மறுபடி வந்து உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இந்தச் சத்தத்தில் தூக்கம் நன்றாக வருகிறது என்றாள். அதுவும் ஒரு கருத்துத்தான் என்று விட்டுவிட்டேன். லைன் லீடர் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே ஆரணி ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். யாரும் மனம் மாறி என்னிடம் வந்து, புரிந்துவிட்டது, அருமை என்று சொல்லவில்லை. நான் அதற்காகப் போடவும் இல்லை.

அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமைதான் நான் தடுமாறினேன். முந்தின நாள் நாங்கள் பார்த்து அனுப்பிய சரக்கு ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்திருந்தது. பிரிவில் இருந்த எல்லாரையும் நிற்க வைத்துக் கத்தியிருந்தார்கள். காலையில் வண்டியில் ஏறியவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவமாக இருந்தது. போனை எடுத்து, எல்லாருக்கும் பிடித்த ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டேன். இரண்டு வரி ஓடியிருக்காது, பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்னாடீ இது?"

"பாட்டுக்கா."

"அது தெரியுது. உன்னுது எங்க?"

"எல்லாரும் நொந்து போய்க் கீறாங்க. இன்னிக்கு ஒரு நாள்…"

"எங்களப் பாத்துப் பாவப்படறியா? எவ கேட்டா உன் பாவத்த? உன் நாளுக்காக என்ன அந்த ஆபீசுல நிக்க வச்சியே, நீயே உட்டுக்குடுத்தா என் மூஞ்ச நான் எங்க வச்சுக்கறது? மாத்துடீ!"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் மாற்றினேன். வீணை தொடங்கியது. நான்கு ஸ்வரம், மறுபடியும் அதே நான்கு. அக்கா உடனே ஆரம்பித்துவிட்டார். "கருமம், கருமம், காலங்காத்தால எவன்டா இத வாசிச்சவன், அவன் கையில கட்டி வர" என்று, வண்டி புதுவாயல் சேரும்வரை நிறுத்தவில்லை. அவரோடு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். முந்தின நாள் வாய் திறக்க முடியாமல் நின்றவர்கள், இப்போது உரக்கத் திட்டினார்கள்.

நான் சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றி வைத்தேன்.