காப்பிக் கலர் கதவு

அந்த மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால், ஒருவர் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரும்பாலும் ஒட்டியது மாடியக்காதான். அவள் வந்தபோது கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றித்தான் மேலே ஏற்றினார்கள். பீரோ ஏறவே இல்லை, பால்கனி வழியாகக் கயிறு கட்டி இழுத்தார்கள். மாமனார் போய்ச் சேர்ந்தபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த மனுஷனை யாரும் அவ்வளவு பதமாக இறக்கியதில்லை.

தெருக்கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. நடுவில் ஒரு திருப்பம். அங்கே தொங்கும் குண்டு பல்பு தன்னைத் தவிர வேறெதையும் காட்டாது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் காப்பிக் கலர் எனாமல். அதற்கு மேலே, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஏதோ ஒன்று.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில், சாப்பாட்டுப் பையோடு வேலைக்குக் கிளம்பியவள், அந்தத் திருப்பத்தில் இல்லாத படியில் காலை வைத்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்து, டாக்டரும் "நல்லா நடங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சமதரையில் நன்றாகத்தான் நடந்தாள். மேல்படியில் நின்று கீழே பார்த்தால் மட்டும் முழங்காலுக்குக் கீழே அவளுடைய கால் அவள் பேச்சைக் கேட்காது. அன்றிலிருந்து மாடியே கதி. காய்கறி, பால், மாத்திரை எல்லாம் பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கும் கூடையில்தான் வந்தன. தெருவில் எல்லோரும் அவளை மாடியக்கா என்று கூப்பிடுவது எப்போதும் உள்ளதுதான். இப்போது அது பட்டப்பெயர் மாதிரி இல்லை, தண்டனை மாதிரி இருந்தது.

வீட்டுக்காரருக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பஸ் டெப்போவில் டைம் கீப்பர் அவர். மாலையில் வந்ததும் சூடாக டீ. துவைத்த சட்டை அலமாரியில்.

"இப்ப கீழ எறங்கி என்ன ஆகப்போகுது? எல்லாந்தான் மேல வருதே."

"நான் என்ன கொடிமரமா, ஒரே எடத்துல நட்டு வைக்க?"

அவளுக்குக் கீழே இறங்கி ஆகவேண்டியது இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜன்னலோரத்து மெஷின் அவளுடையது. மேற்பார்வை பார்க்கும் அம்மாள் போனில் சொல்லிவிட்டாள்: "மாசம் முடியறதுக்குள்ள நேர்ல வந்து முகத்தைக் காட்டு. இல்லேன்னா மெஷின்ல வேற ஆளை உக்கார வச்சிருவேன். மனசுல வச்சுக்காதே." மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறெங்கே வைப்பது?

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் பெயிண்டரைக் கூட்டிவந்தார். அவள் கஷ்டத்துக்காக இல்லை, படியில் ஏறி இறங்கும்போது அவர் சட்டையில் சுண்ணாம்பு உதிர்கிறதாம்.

பெயிண்டர் கலர் அட்டையோடு மேலே வந்தான். பால்கனியில் நல்ல வெயில். அவள் சந்தனக் கலரைக் காட்டினாள், அவன் கொஞ்சம் கலந்து படிச் சுவரில் கையகலம் தீட்டினான். அவள் மேல்படியில் உட்கார்ந்து, "தெருக்கதவைச் சாத்து தம்பி" என்றாள்.

"சாத்தினா தெரியாதேக்கா."

"சாத்தினாத்தான் எனக்குத் தெரியணும். நான் தினம் கதவைத் தொறந்து போட்டுக்கிட்டா குடித்தனம் பண்றேன்?"

சாத்தினான். வெயிலில் சந்தனமாக இருந்தது இருட்டில் சளியாகத் தெரிந்தது.

"ச்சே, தும்மி வச்ச மாதிரி இருக்கு. அடுத்ததை அடி."

அடுத்தது ரோஜா. அது பல்பு வெளிச்சத்தில் ஆறிக்கொண்டிருக்கும் புண் மாதிரி இருந்தது. இளநீலம் பூசினான், சுவரே குளிரில் விறைத்த மாதிரி ஆயிற்று. பெயிண்டர் பிரஷ்ஷைத் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா, இது படி. பொண்ணு பார்க்கப் போற எடமில்ல" என்றான்.

"பொண்ணு பார்க்க ஒரு நாள்தான் போவாங்க தம்பி. இதைத் தினம் பார்க்கணும்."

கடைசியில் வெள்ளையில் சொட்டு மஞ்சள் விட்டு, அட்டையிலேயே இல்லாத ஒரு வெண்ணெய்க் கலரை அவன் கலக்கிப் பூசினான். கதவைச் சாத்திய பிறகும் அந்தக் கையகலம் மட்டும், யாரோ தீக்குச்சி கிழித்துப் பிடித்த மாதிரி தெரிந்தது.

"இதான்" என்றாள்.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "வெண்ணெய்க் கலரா? ரெண்டே நாள்ல சுவர் பூரா கை அடையாளம். பழையபடி காப்பியே அடிக்கச் சொல்லு. அழுக்கு தெரியாது."

"அழுக்கு தெரியாது. படியும் தெரியாது."

"இவ்வளவு நாளா எறங்கலையா?"

"எறங்கினேனே. ஒரே எறக்கமா எறங்கினேன். மறந்துபோச்சா?"

அவர் தெருக்கதவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப கதவுக்காவது காப்பி" என்றார். தெருவுக்குத் தெரிவது கதவுதானே என்று அவருக்கு ஒரு கௌரவம். கதவு போகட்டும் என்று விட்டுக்கொடுத்தாள்.

ஜெயித்த மிதப்பில் அவள் ஒன்று செய்தாள். "படிக்கும் அதே கலரை அடிச்சிரு தம்பி. ஒரு மூலை விடாதே" என்று சொல்லிவிட்டாள். சுவர் காய்ந்து, படி காய்ந்த அன்று, காலையிலேயே குளித்து, வெளியே போகும் புடவையைக் கட்டிக்கொண்டு மேல்படிக்கு வந்து நின்றாள்.

கீழே படியே இல்லை.

சுவரும் படியும் ஒரே கலரில் ஒன்றாகக் கலந்து, பாத்திரம் கவிழ்ந்து பால் வழிந்தோடின மாதிரி கிடந்தது. எது விளிம்பு, எது பள்ளம் என்றே தெரியவில்லை. முன்பு இருட்டில் படி தெரியவில்லை, இப்போது வெளிச்சத்தில் தெரியவில்லை. ஒரு காலை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து, வெளியே போகும் புடவையிலேயே அழுதாள். பிறகு எழுந்துபோய் அதே புடவையில் பாத்திரம் தேய்த்தாள்.

வீட்டுக்காரர் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். அவரோ, "பரவாயில்ல விடு, வீட்லயே இரு" என்று தோளைத் தட்டினார். அந்தத் தட்டுதான் அவளை இரவெல்லாம் கொதிக்க வைத்தது.

மறுநாள் பெயிண்டரைக் கூப்பிட்டாள். "கதவுக்கு வாங்கின காப்பி டப்பா இருக்குல்ல? ஒவ்வொரு படி ஓரத்துலயும் ரெண்டு வெரல் அகலத்துக்குக் கோடு இழு."

"கடைசியில உங்க வீட்டுக்காரர் கலர்தான் காப்பாத்துது போல."

"நாக்கைக் கொஞ்சம் அடக்கு தம்பி. நான் கேக்கறது கோடு. அவர் கேட்டது காப்பிக் குளம்."

கோடு விழுந்ததும் படி படியாக எழுந்து நின்றது. மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றும் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று கையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருந்தது. கோடு காய அன்றைக்கு ஒரு நாள் விட்டாள். மாதத்தில் மீதி இருந்தது அடுத்த ஒரு நாள்தான்.

அந்தக் கடைசி நாள் காலையில், வீட்டுக்காரர் டெப்போவுக்குப் போனதும் பெயிண்டர், வெளிப்பக்கம் ஏற்கெனவே முடித்திருந்த கதவின் உட்பக்கத்துக்கும் நிலைக்கும் காப்பிக் கலரைத் தாராளமாகப் பூசினான். பூசுவதற்கு வசதியாகக் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கீழ்த்தளத்தில் வாடகைக்கு ஒருவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் இரும்பு தேய்க்கும் உராய்வு மெஷினைப் போட்டால் தூசி பறக்கும். ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டக்கூடாதென்று கதவை வெளியே இருந்து இழுத்துச் சாத்திவிட்டு, "அக்கா, பிடியைச் சாயங்காலம் வந்து மாட்டறேன்" என்று கத்திவிட்டுப் போனான். மேலே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதில் "அக்கா"தான் விழுந்தது. "சரி சரி" என்றாள்.

மத்தியானம் கிளம்பினாள். சுவரில் ஒரு கை. கோட்டில் ஒரு கண். கோடு, கால். கோடு, கால். திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கினாள். அங்கேதான் விழுந்தாள். அந்த இடத்தைக் கடந்தாள். கீழே வந்து சேர்ந்தபோது முதுகு முழுக்க வியர்வை. ஆனால் வந்துவிட்டாள்.

கதவு திறக்கவில்லை.

பிடிக்குக் கையை நீட்டினால் பிடி இல்லை, இரண்டு ஓட்டைதான் இருந்தது. உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவு. எதைப் பிடித்து இழுப்பது? விளிம்பில் நகத்தைக் கொடுத்தாள், நகம் போனது. பெயிண்ட் காய்ந்து கதவையும் நிலையையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது. கோபத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். பெயிண்ட் தடிமனாக விழுந்த இடம் அது, இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை. கை ஒட்டிக்கொண்டு, உரித்தெடுக்கிற மாதிரி வந்தது.

தின்னர் நாற்றம் மூக்கில் ஏறியது. ஜன்னல் கிடையாது. முன்னால் கதவு, இரண்டு பக்கமும் முழங்கை இடிக்கும் தூரத்தில் சுவர், பின்னால் படி. எந்த மாடியிலிருந்து அத்தனை பாடுபட்டு இறங்கி வந்தாளோ, அதைவிடச் சின்னப் பெட்டிக்குள் வந்து நின்றிருந்தாள். பெயிண்டருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. எங்கேயோ ஏணி மேல் நிற்கிறானோ என்னவோ. வீட்டுக்காரருக்குப் போடலாம். அவர் ஓடிவருவார், திறப்பார், கையோடு மேலே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைப்பார். அந்தத் தோளைத் தட்டுவார். போனைப் பைக்குள் போட்டாள்.

உராய்வு மெஷின் சத்தம் நின்றதும் கதவை இரண்டு கையாலும் குத்தினாள்.

"யாரது?" மோட்டார்காரர் குரல்.

"நான்தாண்ணே, மாடி."

"மாடியக்காவா? அங்க என்ன பண்றீங்க?" அவள் அவரை அண்ணன் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். வயதை மட்டும் இரண்டு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிடுவார்கள்.

"விருந்துக்கு வந்திருக்கேன். கதவு ஒட்டிக்கிச்சுண்ணே!"

"நகருங்க, ஒரு இடி இடிச்சா தொறந்துரும்."

"இடிச்சிராதீங்க! பின்னாலயே படி, தடுக்கி விழுந்துருவேன். என் கால் மறுபடி முறிஞ்சா உங்க மோட்டார் கம்பியைச் சுத்தித்தான் கட்டணும்."

"அப்ப பெயிண்டை அறுக்கணும்க்கா. எனக்கு வெளிப்பக்கந்தான் எட்டும். ஒட்டினது உள்பக்கம். கத்தி இருக்கா?"

கத்தி மேலே அடுப்படியில் இருந்தது.

படியை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி ஏறணும், மறுபடி இறங்கணும். வாயில் வந்தபடியெல்லாம் பெயிண்டரைத் திட்டிக்கொண்டே ஏறினாள். அவனை முடித்து, டெப்போக்காரரை முடித்து, இந்த வீட்டைக் கட்டின கொத்தனாரில் பாதி வரும்போது கத்தி கையில் இருந்தது. கொத்தனாரின் மீதிப் பாதியைச் சொல்லி முடித்தபோது கீழே கதவுக்கு முன்னால் நின்றாள். திருப்பம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கத்தியை விட்டு, மேலிருந்து கீழாக மீன் கிழிப்பதுபோல் கிழித்தாள். பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. "இப்ப தள்ளுங்கண்ணே. மெதுவா!" என்று இரண்டு படி மேலே ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மோட்டார்காரர் தோளைக் கொடுத்தார். கதவு படாரென்று திறந்தது. தெரு வெளிச்சம் வெண்ணெய்க் கலர் சுவரில் திருப்பம்வரைக்கும் ஓடி ஏறியது.

"கத்தியோட எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

கத்தியை அவர் கையில் கொடுத்தாள். அவர் தின்னர் நனைத்த துணி ஒன்றைக் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

தையல் கூடத்து அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வந்துட்டியா? வரமாட்டேன்னு நெனச்சு ஜன்னல் மெஷினுக்கு ஆள் போட்டாச்சு. மூலையில ஒண்ணு இருக்கு, சுவரைப் பார்த்தபடி. வேணுமா?"

"வேணும்."

"மொதல்ல அந்தக் கையைக் கழுவு. அதோட துணியைத் தொட்டுத் தொலைக்காதே."

சாயங்காலம் அவள் வீட்டில் இருந்தபோது கீழே பேச்சுக்குரல் கேட்டது. இறங்கிப் போய்த் திருப்பத்தில் நின்றாள். பெயிண்டர் கைப்பிடியை வைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்காரர் டார்ச் அடித்துக் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். காப்பிக் கலரின் நடுவில், ஐந்து விரலும் ரேகையோடு, ஒரு உள்ளங்கை.

"யாரு கை இது?"

"என் கை."

"புதுசா பெயிண்ட் அடிச்ச கதவு! கதவைத் தொறந்தாலே கண்ணுல அடிக்குது!"

"ஏங்க, காப்பிக் கலர்ல அழுக்கு தெரியாதுன்னீங்க?"

பெயிண்டர் இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டான். "மேல ஒரு தடவை அடிச்சா மறைஞ்சிரும்க்கா."

"ஒண்ணும் மறைக்க வேணாம். பிடியை மாட்டு. இறுக்கமா மாட்டு."

வீட்டுக்காரர் அப்போதுதான் அவள் நிற்கும் இடத்தைக் கவனித்தார். டார்ச்சை அணைத்தார். "போயிட்டு வந்தியா? மெஷின் குடுத்துட்டாங்களா?"

"மூலை மெஷின். நாளையிலேருந்து வரச் சொன்னாங்க."

அவர் படிக்கோடுகளைப் பார்த்தார். "அப்ப சாயங்காலம் எனக்கு டீ?"

அவள் மேலே ஏறினாள். கொஞ்ச நேரத்தில் பால்கனியிலிருந்து கூடை இறங்கி, வாசலுக்கு வெளியே வந்து நின்ற வீட்டுக்காரர் மூக்குக்கு நேராக ஆடி நின்றது. உள்ளே காலிப் பால் பாத்திரம்.

"பால் தீந்துபோச்சு. கீழதானே நிக்கிறீங்க?"