கல்யாண வேனும் பேட்டரிச் சந்தனமும்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதல் டி.வி. ஆண்டெனாவை நட்டேன், கோயிலுக்கு மைக்செட் கட்டினேன். தலவாக்கலைக் கல்யாண வேனையும் நானே காப்பாற்றினேன்.

புது ஆம்ப்ளிபையர் பூட்டிய அந்த வேனில், பாட்டு அதிரும்போதெல்லாம் முன்விளக்கு மங்கியது. வெளியே பாதை தெரியாத பனிமூட்டம். "பாட்ட நிறுத்துங்க, இல்லாட்டி எறங்கி நடக்குறோம்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. பாட்டில்லாமல் மாப்பிள்ளை வரமாட்டாராம்.

வேனில் இருந்த நான் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பேட்டரியைப் பார்த்தேன். ஆயுதபூசைச் சந்தனம் எர்த் வயரின் பிடிக்குள் காய்ந்து கிடந்தது.

"சுரண்டினா சாமி கோவிச்சுக்காதாண்ணே?" என்றார் டிரைவர்.

"ஓரமா தொட்டு வைக்கணும் தம்பி. உள்ளுக்க அப்பினா கரண்டு எப்புடிப் போகும்?"

சுரண்டி, இறுக்கிப் பூட்டினேன். பாட்டு அதிர்ந்தது, விளக்கு அசையவில்லை.

போய்ச் சேர்ந்ததும் டிரைவர், முருகன் சாமிக்குத் தேங்காய் உடைத்தார். உடைக்கட்டும். ஆனால் பழுதை எடுத்தது நான்தான் என்று அவர் வாயால் சொல்லியாக வேண்டும்.